சாரீரத்துக்கு அடியில் ஒரு சாக்ஸபோன்

பழைய அரக்கு இசைத்தட்டுகளைக் கழுவித் துடைத்து, அவற்றின் பள்ளத்துக்கு இசைந்த ஊசியைத் தேர்ந்து, சுழலவேண்டிய வேகத்தை நிர்ணயித்து, உள்ளே அடைந்து கிடக்கும் ஒலியை முன்னாளில் காந்த நாடாவுக்கும் பிற்காலத்தில் கணினிக்கும் மாற்றிக் கொடுப்பது என் ஜீவனோபாயமாக இருந்து வந்திருக்கிறது. அமெரிக்காவின் கீழைக் கரையில் இத்தொழிலைச் செய்தவனாகையால், என் மேஜைக்கு வந்தவற்றுள் இசைநாடகப் பாடகர்களின் தட்டுகளும், பாதிரிமாரின் பிரசங்கங்களும், மலைப்பிரதேசத்துப் பிடில்காரர்களின் நடன மெட்டுகளும் ஏராளம். ஆயினும் எந்தத் தட்டுகள் எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தன என்று யாரேனும் கேட்டால், 1935-க்கும் 1942-க்கும் இடையில் பில்லி ஹாலிடே என்னும் கறுப்பினப் பாடகி, பியானோ வித்வான் டெடி வில்ஸனின் பேரிலும் தம் சொந்தப் பேரிலும் பதிவு செய்த ஜாஸ் தட்டுகளையே சொல்லுவேன். அவருடைய சாரீரத்தின் வீச்சு ஒரு ஸ்தாயிக்குச் சற்றே மேற்பட்டது. துரித சங்கதிகள் அதில் கிடையா. உரக்கப் பாடும் வழக்கமும் அவருக்கு இல்லை. இவ்வளவு சுருங்கிய மூலதனத்தைக் கொண்டு அவர் நடத்திய காரியத்தின் சூட்சுமம் அவர் குரலை மட்டும் உற்றுக் கேட்டிருந்த காலத்தில் எனக்கு விளங்கவில்லை. அக்குரலைச் சுற்றி நின்ற வாத்தியங்களைப் பழுதறக் காப்பாற்றப் பிரயத்தனப்பட்டபோதுதான் விளங்கிற்று.

அந்தத் தட்டுகள் எதற்காகச் செய்யப்பட்டன என்பதை அறிந்துகொண்டால், அவற்றில் கலைக்கு இடம் கிடைத்ததே ஓர் ஆச்சரியம் என்று தோன்றும். பொருளாதார மந்தத்தால் இசைத்தட்டு வியாபாரம் ஏறக்குறைய நாசமாகிவிட்டிருந்த அந்த நாட்களில், மதுக்கடைகளிலும் சிற்றுண்டிச் சாலைகளிலும் ஐந்து சென்ட் காசு போட்டால் ஒரு பாட்டுப் பாடும் ஜூக்பாக்ஸ் யந்திரங்களே கம்பெனிகளுக்கு உயிர் கொடுத்தன. அந்த யந்திரங்களுக்குத் தீனியாகக் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் விலைபோகக்கூடிய மலிவான தட்டுகள் வேண்டியிருந்தன. பாட்டுப் புத்தக வெளியீட்டாளர்கள் அந்தந்த வாரம் தள்ளிவிட நினைத்த புதுப் பாட்டுகளே அவற்றின் சரக்கு. எழுதித் தயாரித்த வாத்திய அமைப்பு என்று ஒன்றுக்குச் செலவிட எவருக்கும் மனமில்லை. அன்றைக்கு நியூயார்க்கில் எந்தப் பெரிய கோஷ்டி தங்கியிருக்கிறதோ அதிலிருந்து ஏழெட்டு வித்வான்களைப் பொறுக்கி எடுத்து வந்து, கையில் பாட்டுத்தாளைக் கொடுத்து, ஒரே அமர்வில் மூன்று நான்கு பாட்டுகளை முடித்து அனுப்பிவிடுவார்கள். 1935 ஜூலை 2-ஆம் தேதி வில்ஸன் நடத்திய முதல் அமர்வில் டிரம்பெட்டுக்கு ராய் எல்ட்ரிஜ், கிளாரினெட்டுக்கு பென்னி குட்மன், டெனர் சாக்ஸபோனுக்கு பென் வெப்ஸ்டர், பாஸுக்கு ஜான் கெர்பி, டிரம்முக்கு கோஸி கோல் என்று அமைந்ததைப் படிக்கும்போது, இன்று இவர்களில் எவரைப் பற்றியும் ஒரு தனி நூல் எழுதலாமே என்று மலைப்பு உண்டாகிறது; அன்று அவர்கள் ஒரு பிற்பகல் கூலிக்கு வந்தவர்கள். பாடகிக்கு வயது 20. அவருக்கும் மொத்தக் கூலிதான். விற்கும் தட்டுக்கு இவ்வளவு என்ற பங்கு கிடையாது.

வில்ஸன் பேரில் வந்த தட்டுகளில் ஹாலிடேயின் பெயர் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். பாட்டின் நடுவே ஒரு சுற்று அவருக்கு. முன்னும் பின்னும் கிளாரினெட்டுக்கு ஒரு பாதி, பியானோவுக்கு ஒரு பாதி, டிரம்பெட்டுக்கு ஒரு பாதி என்று பங்கு பிரிந்துவிடும். 1936 ஜூலையிலிருந்து தட்டு 35 சென்ட்டுக்கு விற்ற வொகேலியன் முத்திரையில் அவர் சொந்தப் பேரில் பதிவுகள் தொடங்கியபின், முதல் சுற்றையும் கடைசிச் சுற்றையும் அவரே பாடினாலும், நடுவில் வாத்தியக்காரர்களின் பங்கு குறையவில்லை. மூன்று நிமிஷச் சொச்சத்துக்குமேல் இடந்தராத பத்து அங்குலத் தட்டில் இவ்வளவு பேருக்கும் பாகம் பிரித்துக் கொடுத்த வில்ஸனின் சாமர்த்தியத்தை ஒரு குடும்பத் தலைவனின் சாமர்த்தியம் என்றே நான் கருதுகிறேன்.

இனித் தட்டின் சங்கதி. அமெரிக்காவில் வார்க்கப்பட்ட அந்தத் தட்டுகளைப் பிணைத்துப் பிடிக்கும் பசை, நம் தேசத்துச் சோட்டா நாகபுரிக் காடுகளில் புரச மரத்திலும் இலந்தை மரத்திலும் வாழும் பூச்சி கக்கிய அரக்கு என்பதை நான் அங்கே உடன் வேலை செய்தவர்களிடம் சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஒரு சின்னக் கர்வம் எழும். 1942-ல் யுத்தத்தின் காரணமாக அரக்கு வரத்துத் தடைப்படவே, அமெரிக்க அரசாங்கம் தட்டுக் கம்பெனிகள் பயன்படுத்தும் அளவை வெகுவாகக் குறைத்துவிட்டது. பழைய தட்டுகளை வாங்கி உடைத்து அரைத்துப் புதுத் தட்டு வார்த்தார்கள். அப்படி அரைபட்டுப் போனவற்றில் எத்தனை அருமையானவை இருந்தனவோ! அரக்கோடு கற்பொடியும் கரிப்பொடியும் சேர்த்தே தட்டு வார்ப்பார்கள். எஃகு ஊசியை உராய்ந்து பள்ளத்தின் வடிவுக்கு இணக்கிக்கொள்வதற்காகவே அந்தக் கற்பொடி. ஆகையால் தட்டும் ஊசியும் ஒன்றையொன்று தின்றுகொண்டுதான் பாடும். வீட்டில் பேணிக் காத்த தட்டு ஒருவிதம். ஜூக்பாக்ஸில் இரவு பகலாக உழைத்த தட்டு வேறுவிதம். எனக்கு வந்த ஹாலிடே தட்டுகளில் பின்னதுதான் அதிகம்.

இவற்றைக் கழுவுவதற்குக் காய்ச்சி வடித்த நீரும் ஓரிரு துளி மென்மையான சோப்பும் போதும். சாராயம் கலந்த எந்தத் திரவத்தையும் அருகில் கொண்டு வரலாகாது. அரக்கு அதில் கரைந்துவிடும். காய்ந்தபின் ஊசி. பள்ளத்தின் மேல்விளிம்பும் அடிமட்டமும் தேய்ந்திருந்தாலும், நடுச்சுவரில் பழைய எஃகு ஊசி தொடாத ஒரு மெல்லிய பட்டை பெரும்பாலும் எஞ்சியிருக்கும். அந்தப் பட்டையில் உட்காரும் பருமனுள்ள ஊசியைத் தேடுவதிலேயே பொழுது போய்விடும். பள்ளத்துக்கு இரண்டு சுவர்கள். இரண்டிலும் ஒரே ஒலிதான் எழுதப்பட்டிருக்கிறது. இக்காலத்து ஸ்டீரியோ கருவியினால் இரண்டையும் தனித்தனியே எடுத்து, எந்தச் சுவர் குறைவாகத் தேய்ந்திருக்கிறதோ அதை மாத்திரம் வைத்துக்கொள்ளலாம். தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள் நம்பமாட்டார்கள்: ஒரே தட்டின் ஒரு சுவரில் ஹாலிடே மணலைக் கொறித்தபடி பாடுவார், மறு சுவரில் பக்கத்து அறையிலிருந்து வந்து நிற்பார்.

வேகம் இதைவிட முக்கியம். எழுபத்தெட்டு என்று வாய்ப்பாடாகச் சொல்லுகிறோம். அமெரிக்க மின்சாரத்துக்கு ஏற்ற சரியான கணக்கு நிமிஷத்துக்கு 78.26 சுற்று. ஆனால் மூலப் பதிவை மெழுகில் வெட்டிய யந்திரம் அன்றைக்கு அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டதா என்பது வேறு விஷயம். வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு பிசகினால் ஒரு ஸ்வரஸ்தானமே மாறிப்போகும். அதைச் செவியுள்ள எவரும் பிடித்துவிடுவார்கள். நூற்றுக்கு இரண்டு பங்கு பிசகினால் சுருதி பேதம் புலப்படாது. பாடகியின் வயதுதான் மாறும். சற்று வேகமாக ஓடவிட்டால் ஹாலிடே குறும்புக்காரப் பதினாறு வயதுப் பெண்ணாகிவிடுவார். மெதுவாக ஓடவிட்டால், 1937-லேயே அவருக்கு 1957-ஆம் வருஷத்துச் சோர்வு வந்துவிடும். இந்த இரண்டு விதமாகவும் மறுவெளியீடுகள் உலாவி வந்திருக்கின்றன. அவற்றைக் கேட்டு, அவர் பாட்டில் தொடக்கம் முதலே சோகம் குடிகொண்டிருந்தது என்று கட்டுரை எழுதியவர்களும் உண்டு. நான் பியானோவை நம்புகிறேன். பாடகி எங்கு வேண்டுமானாலும் எடுக்கலாம், ஊதுவாத்தியத்தை உதட்டால் ஏற்றி இறக்கலாம். வில்ஸனின் பியானோ மாத்திரம் சுருதி கூட்டியவன் விட்டுப்போன இடத்திலேயே நிற்கும். சில தட்டுகளில் ஒலிப்பதிவறையின் மின்சாரக் கம்பியிலிருந்து நுழைந்த மெல்லிய ரீங்காரம் அடியில் ஓடும். அது வினாடிக்கு அறுபது அதிர்வு என்பது தெரிந்ததாகையால், கேட்பவருக்கு இடைஞ்சலாகிய அதுவே எனக்குச் சாட்சியாகிவிடும்.

1937 ஜனவரி 25-ஆம் தேதி அமர்வுக்கு இப்போது வருகிறேன். கவுண்ட் பேஸியின் கோஷ்டி கான்ஸாஸ் நகரத்திலிருந்து நியூயார்க்குக்கு வந்து சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அந்தக் கோஷ்டியின் தாள நிர்வாகிகளாகிய வால்டர் பேஜ், ஜோ ஜோன்ஸ் ஆகியோரையும், கிதார் வாசிக்கும் பிரெடி கிரீனையும், டிரம்பெட் வாசிக்கும் பக் கிளேடனையும், டெனர் சாக்ஸபோன் வாசிக்கும் லெஸ்டர் யங்கையும், ஜான் ஹாமண்ட் என்ற ரசிகர் வில்ஸனின் பதிவறைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அக்காலத்தில் டெனர் சாக்ஸபோன் என்றால் கோல்மன் ஹாக்கின்ஸைப்போல் அகன்று, கனத்து, நடுக்கத்தோடு முழங்கவேண்டும் என்பது எழுதாத சட்டம். யங்கின் நாதமோ மெலிந்து, நேராக, மூச்சுக்காற்றின் ஸ்பரிசத்தோடு வரும். சாகித்தியம் தெரியாமல் ஒரு பாட்டை வாசிக்கலாகாது என்பது அவர் கொள்கை. அன்று பதிவான 'திஸ் இயர்ஸ் கிஸஸ்' என்ற பாட்டில் முதல் சுற்றை யங் வாசிக்கிறார். அதன் பின்னரே ஹாலிடே நுழைகிறார். பாடகி சொல்லப்போவதை வாத்தியம் முன்கூட்டியே சொல்லிவிட்டதால், அவர் மெட்டைக் கற்பிக்கும் பொறுப்பிலிருந்து விடுபட்டு, அதைத் தம் இஷ்டம்போல் நீட்டவும் சுருக்கவும் சுதந்திரம் பெறுகிறார்.

ஆனால் நான் அதிக காலம் வாழ்ந்தது அவ்வருஷம் ஜூன் 15-ஆம் தேதிப் பதிவுகளோடு. அன்று ஹாலிடேயின் சொந்தப் பேரில், வில்ஸனுக்குப் பதில் ஜேம்ஸ் ஷெர்மன் பியானோவில் இருக்க, எட்மண்ட் ஹால் கிளாரினெட் வாசிக்க, நான்கு பாட்டுகள் பதிவாயின. அவற்றுள் 'மீ, மைஸெல்ப் அண்ட் ஐ' என்ற பாட்டை இரண்டு தடவை எடுத்த பதிவுகளும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. மெழுகில் வெட்டிய பதிவைப் போட்டுக் கேட்டால் அந்த மெழுகு கெட்டுவிடும். ஆகவே, முதல் தடவை எப்படி வந்தது என்று திரும்பக் கேட்டுத் திருத்திக்கொள்ள வழியில்லாமல் நினைவையே நம்பி இரண்டாந்தடவை எடுத்தார்கள். கடைசிச் சுற்றில் ஹாலிடே பாடும்போதே யங்கும் கூட வாசிக்கிறார். இரண்டையும் இரண்டு செவிக் கருவியில் மாற்றி மாற்றிக் கேட்டால், முதல் தடவை வாசித்ததை யங் மறு தடவை வாசிக்கவில்லை என்பது தெளிவாகத் தெரியும்.

நம் கச்சேரிகளில் பிடில்காரர் பாடகர் விட்ட இடத்தில் சங்கதியின் வாலைப் பிடித்துக்கொண்டு, அதையே இழைத்துக் காட்டி, அடுத்த வரிக்கு வழிவிட்டு ஒதுங்குவதைக் கேட்டுப் பழகிய எனக்கு, யங்கின் முறை ஆரம்பத்தில் மரியாதைக் குறைவாகவே பட்டது. அவர் பாடகி வாய் மூடும்வரை காத்திருப்பதில்லை. வரியின் நடுவே, பாடகி ஒரு சொல்லை இழுத்துக்கொண்டிருக்கும்போதே, அதற்குக் கீழே நுழைகிறார்; குரல் ஏறினால் இவர் இறங்குகிறார்; முக்கியமான சொல் வரும் தறுவாயில் எப்படியோ ஒதுங்கிவிட்டிருக்கிறார். பாடிய சங்கதியைத் திருப்பிச் சொல்வதும் இல்லை. இருவரும் தனித்தனியே தங்கள் போக்கில் பேசிக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது. ஆனால் ஒருவர்மேல் ஒருவர் மோதுவதில்லை. நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் ஹாலிடேயும் அவர் தாயாரும் குடியிருந்த வீட்டில் யங் சிறிது காலம் தங்கியிருந்தார் என்பதை அறிந்தபோது இதில் பாதி எனக்குப் புரிந்தது. 'லேடி டே' என்று அவர் இவருக்கும், 'பிரெஸ்' என்று இவர் அவருக்கும் பட்டப்பெயர் வைத்துக்கொண்டது உலகமறிந்தது. காதலா நட்பா என்ற விசாரணையில் இறங்கியவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

இந்த அந்தரங்கமான வாசிப்புத்தான் எங்கள் தொழிலில் முதலில் பலியாவது. தட்டின் சீறல் உச்ச ஸ்தாயிகளில் குவிந்திருப்பதால், அங்கே கத்தி வைத்து நறுக்கிவிட்டால் சீறல் போய்விடும். கூடவே ஜோ ஜோன்ஸின் சிம்பல் போய்விடும், சாக்ஸபோன் நாணலில் உரசும் மூச்சும் போய்விடும். நாடாக் காலத்தில் ஒரு சொடக்கொலியை நீக்க அந்த இடத்தைச் சவரக்கத்தியால் வெட்டி ஒட்டுவோம்; வேலை கடினமாகையால் அத்தியாவசியமானவற்றையே செய்தோம். கணினி வந்தபின் ஆயிரம் சொடக்குகளைக் கண்மூடித் திறப்பதற்குள் நீக்கலாம் என்று ஆயிற்று. அன்றுமுதல் நிதானமும் போயிற்று. யந்திரம் எது இசை, எது இரைச்சல் என்பதை ஒலியின் அளவைக்கொண்டே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஹாலிடே முன்னால் நிற்க, நாலடி பின்னால் நின்று மூச்சளவாக ஊதும் யங்கின் நாதம், அந்தத் தீர்மானத்தில் இரைச்சலின் கட்சியில் சேர்ந்துவிடுகிறது. மறுவெளியீடு செய்ய வந்த ஒருவர், குரல் இன்னும் முன்னுக்கு வரவேண்டும், பின்னால் கசகசவென்று ஏதோ கேட்கிறது, அதை எடுத்துவிடுங்கள் என்று எனக்கு எழுதியிருந்தார். அந்தக் கசகசப்புக்குப் பேர் லெஸ்டர் யங் என்று பதில் எழுதினேன். அந்த வேலை என் கையை விட்டுப் போனதில் எனக்கு வருத்தமில்லை.

1939-ல் கொலம்பியா கம்பெனி தொட மறுத்த 'ஸ்ட்ரேஞ்ச் புரூட்' பாட்டை, மில்ட் கேப்ளர் தம் சிறிய கமடோர் முத்திரைக்காக ஏப்ரல் 20-ஆம் தேதி பதிவு செய்தார். வெறியர்கள் அடித்து மரத்தில் தூக்கிலிட்ட கறுப்பின மக்களைப் பற்றிய அந்தப் பாட்டைப்பற்றி வேண்டியமட்டும் எழுதியிருக்கிறார்கள். தொழில்காரனாகிய எனக்கு அதில் விசேஷமாகத் தோன்றுவது, பாட்டு தட்டின் அளவுக்குச் சிறிதாக இருந்ததால் முன்னே வாத்தியங்களுக்கு நீண்ட பீடிகை அமைத்து, ஒரு நிமிஷத்துக்குமேல் பாடகியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பதே. சாதாரண ஜூக்பாக்ஸ் தட்டில் யாரும் செய்யத் துணியாத காரியம். பிறகு 1944-ல் அதே கேப்ளர், டெக்கா கம்பெனியில், ஹாலிடேயின் விருப்பப்படியே தந்தி வாத்தியக் குழுவை அமர்த்தி 'லவர் மேன்' பாட்டைப் பதிவு செய்தார். தட்டுகள் நல்ல நிலையில் கிடைக்கின்றன, வேலையும் சுலபம். ஆனால் அங்கே வாத்தியங்கள் எழுதிக் கொடுத்ததை வாசிக்கின்றன. ரசிகர்கள் மன்னிக்கவேண்டும்; எனக்கு அவற்றில் மனம் ஒட்டவில்லை.

ஐம்பதுகளில் தட்டுத் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் ஹாலிடேயைத் திரும்பவும் சிறிய குழுவுக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். பென் வெப்ஸ்டர், ஹாரி எடிஸன், பென்னி கார்ட்டர், பியானோவுக்கு ஜிம்மி ரௌல்ஸ். மூன்று நிமிஷக் கட்டுப்பாடு நீங்கி நீண்ட தட்டும் காந்த நாடாவும் வந்துவிட்ட காலம். குரல் கரகரத்துவிட்டது, சொல்லை வைக்கும் இடம் மாத்திரம் கூர்மையாயிற்று. 1955-ல் ரௌல்ஸோடு ஒரு வீட்டில் நடந்த ஒத்திகையின் நாடா ஒன்றும் மிஞ்சியிருக்கிறது. அதில் பாட்டைவிடப் பேச்சும் சிரிப்பும் அதிகம். எந்தச் சுருதியில் எடுப்பது, எந்தக் காலப்பிரமாணத்தில் நடத்துவது என்று வாத்தியக்காரரோடு சரிக்குச் சரியாகத் தர்க்கம் செய்யும் ஒரு விதுஷியை அதில் கேட்கலாம். சங்கீத ஞானமில்லாமல் துக்கத்தை மாத்திரம் பாடியவர் என்று அவரை நினைப்பவர்களுக்கு அந்த நாடாவைச் சிபாரிசு செய்கிறேன்.

1958 பிப்ரவரியில் ரே எல்லிஸ் அமைத்த பெரிய வாத்தியக் குழுவோடு 'லேடி இன் ஸாட்டின்' என்ற நீண்ட தட்டு பதிவாயிற்று. அதில் 'தி எண்ட் ஆப் எ லவ் அபேர்' என்ற பாட்டு அவருக்கு நன்றாகப் பாடமாகாததால், வாத்தியங்களை முன்னதாகப் பதிவு செய்து, அதைக் கேட்டுக்கொண்டே பிறகு அவர் குரலைச் சேர்த்தார்கள். இக்காலத்தில் எல்லோரும் செய்வது இதுதான். வாத்தியத்தோடு ஒரே மூச்சில் பாடியே பழகியவருக்கு, முடிந்துபோன வாசிப்பின் பின்னால் நடக்கவேண்டி வந்த சந்தர்ப்பம் அது. அவர் தயங்கும் இடத்தில் நின்று கொடுக்க அங்கே ஆளில்லை. அது என் செவிக்குத் தெரிகிறது.

தாளத்துக்குப் பின்தங்கிப் பாடுவார் என்று அவரைப்பற்றி எல்லா நூல்களும் சொல்லும். நம் முறையிலும் தாளம் விழுந்தபின் எடுக்கும் அநாகத எடுப்பு உண்டு. அதற்குக் கணக்கு உண்டு. ஹாலிடேயின் பின்தங்கலை எந்தக் கணக்கிலும் அடக்க முடியாது. ஒரு வரி முழுவதையும் தளர விட்டு, கடைசிச் சொல்லில் பாஸும் கிதாரும் காத்திருக்கும் இடத்துக்கு எப்படியோ வந்து சேர்ந்துவிடுவார். சமீபத்தில், கலந்த பதிவிலிருந்து குரலை மாத்திரம் பிரித்தெடுக்கும் கணினி முறைகள் வந்தபின், 'எ ஸெயில்போட் இன் தி மூன்லைட்' பாட்டின் குரலைத் தனியே பிரித்துத் தரும்படி ஒரு நிறுவனத்தார் கேட்டார்கள். பிரித்தேன். வால்டர் பேஜின் பாஸும் பிரெடி கிரீனின் கிதாரும் அகன்றவுடன் அந்தப் பின்தங்கலும் காணாமற் போயிற்று. சற்று மந்தகதியில் ஒழுங்காகப் பாடும் ஒரு பெண்ணே மிஞ்சினார். வரிகளுக்கிடையே அவர் விட்ட இடைவெளிகள் காரணமில்லாமல் நீண்டு நின்றன.

வேறொரு தொல்லையும் வந்தது. டெனர் சாக்ஸபோனின் நடு ஸ்தாயியும் ஹாலிடேயின் குரலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் சஞ்சரிப்பவையாகையால், முதல் சுற்றில் இருவரும் சேரும் சில இடங்களில் யந்திரத்தால் யார் யார் என்று அறுதியிட முடியவில்லை. பாடகியின் குரலோடு யங்கின் ஊதலில் ஒரு துணுக்கும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதைச் சுரண்டினால் அவர் சொல்லின் முடிவும் சேர்ந்து சிதைகிறது. நிறுவனத்தார் இது குறையல்லவா என்று கேட்டார்கள். குறைதான் என்று ஒப்புக்கொண்டு, எந்தெந்த வினாடியில் யங் மிஞ்சியிருக்கிறார் என்பதைக் குறித்த ஒரு பட்டியலையும், சுவர் இரண்டையும் தனித்தனியே எடுத்துச் சீறல் நீக்காமல் வைத்திருந்த மூலப் பிரதியையும் சேர்த்து, என் கூலிச் சீட்டோடு அனுப்பி வைத்தேன்.